நகைக்கடைக் கதிர் புற்றுநோயையும் உரசிப் பார்க்குமா?

பாட்டியின் சங்கிலியை மாற்றப் போகிறீர்கள். கடைக்காரர் உரைகல்லைத் தேடுவதில்லை. கேரட் மீட்டருக்குள் வைத்து மூடுகிறார். சற்று நேரத்தில் தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரை சொல்லிவிடுகிறது. கீறல்கூட விழவில்லை! அந்த வித்தைக்குப் பெயர் எக்ஸ்-கதிர் உடனொளிர்வு. அதே வித்தையால் புற்றுநோயையும் துப்பறியப் பார்க்கிறார்கள், தெரியுமா?

அணுவுக்கும் கைரேகை உண்டு, தெரியுமா?
எக்ஸ்-கதிர் பாய்ந்ததும் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் தெறித்து ஓடும். காலி இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து ஒன்று இறங்கும். மிஞ்சும் ஆற்றல் புதிய எக்ஸ்-கதிராகக் கிளம்பும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும்: அயோடின் என்றால் சுமார் 28.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கம் என்றால் சுமார் 69! 1913-ல் இந்தக் கணக்கின் சூத்திரத்தைப் பிடித்தவர் இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. இரண்டே ஆண்டில் கலிப்போலி போர்க்களத்தில் மாண்டார். வயது 27!

புல்லுக்கு அடியில் ஒரு பெண் இருந்தாள், தெரியுமா?
ஓவியர் வான்கா தீட்டிய புல்வெளி ஓவியம் ஒன்றை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இந்தக் கதிரால் அலசினார்கள். வண்ணத்திலிருந்த பாதரசமும் ஆன்டிமனியும் ஒளிர, அவரே மூடி வரைந்த பெண்முகம் 2008-ல் வெளிச்சத்துக்கு வந்தது!

மருத்துவர்கள் 1968-லேயே தொடங்கிவிட்டார்கள், தெரியுமா?
தைராய்டு சுரப்பி அயோடினைச் சேர்த்து வைக்கும் கிடங்கு. கழுத்துக்கு வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சி, அந்த அயோடினையே ஒளிரவைத்துப் படமெடுத்தார்கள் அமெரிக்க மருத்துவர்கள். நோயாளி கதிரியக்க மருந்து எதையும் விழுங்க வேண்டியதில்லை!

துத்தநாகம் துப்புக் கொடுக்கும், தெரியுமா?
புராஸ்டேட் சுரப்பியில் துத்தநாகம் இயல்பாகவே மிகுதி. அங்கே புற்றுநோய் வந்தால் குறையும். மார்பகக் கட்டித் திசுவிலோ கூடுவதாக இதே கதிரைக் கொண்ட ஆய்வுகள் காட்டின. ஒரே உலோகம், நேரெதிர்க் கணக்கு!

தங்கமே உளவாளி, தெரியுமா?
மிகநுண்ணிய தங்கத் துகள்கள்மேல், புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளைப் பூசி உடலுக்குள் அனுப்புவது. பிறகு தங்கம் எங்கே ஒளிர்கிறது என்று பார்ப்பது. ஹாம்பர்க் ஆய்வாளர்களின் திட்டம் இதுதான். சுவீடனில் மாலிப்டினத் துகள்களை எலிக்குள் செலுத்திப் படமெடுத்தே விட்டார்கள்!

தடை என்ன தெரியுமா?
சதையில் பட்டுச் சிதறும் கதிர்களின் சந்தை இரைச்சல்! அதற்குள் தங்கத்தின் முணுமுணுப்பைப் பிரித்துக் கேட்க வேண்டும். எலிக்கே இப்பாடு என்றால், பருத்த மனித உடலில்? அதனால்தான் தங்க உளவாளி இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

தாண்டினால்? கடையில் தங்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது கதிர். ஆஸ்பத்திரியில் நோயைக் காட்டிக்கொடுக்கும் தங்கம்!