உஷார்! மீனோடு மனிசரையும் முடிச்சுப் போடுகிறார்கள்

சிலாபத்தில் விடியற்காலை ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிக்குள் அடுக்கும் மீனுக்கும், நடுச்சாமத்தில் பல நாள் படகேறி பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் புறப்படும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது ஐரோப்பிய ஒன்றியம்.

ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையால்தான் நம் ஏற்றுமதிகள் பலவும் தீர்வையில்லாமல் அங்கே இறங்குகின்றன. அந்தச் சலுகைக்கான புதிய சட்டத்தில் 2025 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் உடன்பட்டுவிட்டன. திருப்பி அனுப்பப்படும் தன் பிரஜைகளை ஏற்காமல் இழுத்தடிக்கும் நாட்டின் சலுகையை நிறுத்த அதில் வழியுண்டு.

சலுகை போனால் என்னாகும் என்று இந்தக் கரைக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2010 ஓகஸ்ட்டில் போனது 2017 மே மாதம்தான் திரும்பி வந்தது. நடுவில், களவு மீன்பிடியை அடக்கவில்லை என்று 2015 தொடக்கத்தில் மீனுக்கே தடை, 2016இல்தான் நீங்கியது. ஒழுங்காக வலை போட்டவனும் சேர்ந்துதான் அடிபட்டான்.

மிரட்டல் எவ்வளவு வேகமாகப் பலிக்கும் என்பதற்குக் கொலம்பியா சாட்சி. நாடு கடத்தப்பட்டோரை ஏற்றி வந்த அமெரிக்க விமானங்களை அது 2025 ஜனவரியில் மறித்தது. 25 வீதத் தீர்வை என்றார் டிரம்ப். அன்றிரவே வழி விட்டார்கள்.

என் பயம் இதுதான். ஆட்களைத் திருப்பி ஏற்கும் உடன்படிக்கை 2005 மே முதலே நமக்கும் ஒன்றியத்துக்கும் இடையில் நடைமுறையில் இருக்கிறது. இப்போது அதன் மேல் சாட்டையும் சேர்கிறது. ஏற்றுமதி போய்விடுமே என்ற பதற்றத்தில் கொழும்பு அவசர அவசரமாகப் பயணப் பத்திரம் எழுதிக் கொடுக்கும். உயிருக்குப் பயந்து ஓடியவரின் மனுவை ஆற அமர விசாரிக்க ஐரோப்பாவிலும் பொறுமை இருக்காது. "இவர்களால்தான் உன் வேலை போகிறது" என்று இறால் உரிக்கும் பெண்ணிடம் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பேச்சை ஊருக்குள் விடாதீர்கள்.

"கால் வைத்தால் போதும், திருப்பி அனுப்பமாட்டார்கள்" என்று புரோக்கர் சொல்வது பொய். ரீயூனியன் பிரான்சின் மண். அங்கே போன இலங்கையர் பலர் விமானத்தில் கட்டுநாயக்கவுக்கே திருப்பப்பட்டார்கள். இறங்கியதும் விசாரணை, வழக்கு. அடகு வைத்த சங்கிலி மட்டும் மீளாது.

உண்மையிலேயே ஆபத்திலிருந்து தப்பி வெளியே இருக்கும் உறவுக்கு இன்றே சொல்லுங்கள்: முறைப்பாட்டுப் பிரதி, மருத்துவச் சான்று எதையும் தொலைக்க வேண்டாம். முதல் விசாரணையிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, நடந்த முழுவதையும் சொல்லட்டும். விளங்காத தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம்.