பெயர் எழுதிய நட்சத்திரம்

(இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி ஒருவர்)

கார்த்திகைத் தீபம் முடிந்த கையோடு எங்கள் விடுதி வராந்தாவில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். சென்ற ஆண்டு அப்படி ஏறிய அன்று என் அறைத்தோழி ஒரு வேண்டுகோளுடன் வந்தாள். அவள் ஊர் எறையூர். செபமாலை அன்னை ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர். ஐப்பசியில் அவளுடைய தாத்தா காலமாகிவிட்டார். ஆண்டுதோறும் சவுக்குக் கிளை வெட்டி வந்து நட்டு, அதனடியில் குடில் கட்டியவர் அவர்தாம். "இந்த வருஷம் கிளையில தாத்தா பேரு தொங்கணும்னு ஆயா சொல்லுது. நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியே, செஞ்சு குடு" என்றாள். வேதியியலுக்கும் பொம்மைக்கும் என்ன உறவு என்று அப்போது நகைத்தேன்.

உறவு உண்டு. 'பாலிமர் களிமண்' என்று வண்ண வண்ணக் கட்டிகளாகக் கடையில் விற்கிறார்களே, அதன் பெயரில்தான் மண் இருக்கிறது, பொருளில் இல்லை. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி.யின் நுண்துகள்களே அதன் முதற்பொருள். துகள்களை மெழுகுபோல் குழைவாக வைத்திருக்க எண்ணெய் போன்றதோர் இளக்கி சேர்க்கிறார்கள், பிறகு நிறமி. ஜெர்மனியில் பொம்மைகளுக்குப் புகழ்பெற்ற கேத்தே குரூசே அம்மையாரின் மகள் உருவாக்கிய இத்தகைய கலவைதான், 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்திற்குக் கைமாறி 'ஃபிமோ' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

நம் குயவர் மண்ணின் கதை வேறு. அதில் முதலில் நீர் உலர வேண்டும், உலரும்போதே சுருங்கும். பின் சூளையில் ஏறத்தாழ 500, 600 டிகிரி செல்சியஸில் மண்ணோடு வேதிப்பிணைப்பில் இருந்த நீரும் வெளியேறிவிடும். அதன்பின் அது ஓடு. எவ்வளவு நீர் ஊற்றினாலும் மீண்டும் களியாகாது. பாலிமர் களிமண்ணிலோ நீரே இல்லை. ஆகவே காற்றில் காயாது, வெடிக்காது, சுருக்கமும் மிகச் சொற்பம். 110 முதல் 130 டிகிரி வரை சூடேறினால் துகள்கள் இளக்கியை உறிஞ்சிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். விடுமுறையில் வீட்டில் ஒரு சட்டியில் மணலைக் கொட்டி, அதன்மேல் நட்சத்திரத்தை வைத்து, கேஸ் அடுப்பை ஏற்றினேன். சிறிது நேரத்தில் நட்சத்திரம் பழுப்பாகிக் கருகியது. மூக்கை அரிக்கும் நெடி எழுந்தது. பி.வி.சி. அளவுமீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும் என்பது தேர்வுக்குப் படித்ததுதான், சமையலறையில் மறந்துபோயிற்று. அம்மா சட்டியோடு தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள் நண்பர்களே! பயன்படுத்திய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கும் எடுக்க வேண்டா.

இரண்டாம் முறை, பேராசிரியரின் அனுமதியோடு ஆய்வக உலர்த்தும் அடுப்பில், சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தேன். கட்டியை உள்ளங்கைச் சூட்டில் நன்றாகப் பிசைந்து, கண்ணாடிப் புட்டியால் சப்பாத்திபோல் தேய்க்க வேண்டும். கனம் நான்கு மில்லிமீட்டர் போதும்; சவுக்கின் நுனிக்கிளை மெல்லியது, பாரம் தாங்காது. அட்டையில் வெட்டிய நட்சத்திரத்தை மேலே வைத்துக் கத்தியால் சுற்றிவர அறுக்கலாம். தொங்கவிடும் துளையை, விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, இப்போதே ரீஃபில் குழாயால் எடுத்துவிட வேண்டும்.

இனி எழுத்து. மெல்லிய பாலித்தீன் தாளை மேலே விரித்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் வரியின் ஓரம் பிசிறில்லாமல் வரும். தமிழ் எழுத்தின் வளைவுகள் களியில் இதமாக இறங்குகின்றன. புள்ளிதான் தொல்லை: அழுத்தினால் பள்ளம், அழுத்தாவிட்டால் காணாது. ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டுவிட்டதன் காரணம் அன்று எனக்கு விளங்கியது; எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும். 130 டிகிரியில் முப்பது நிமிடம் வைத்து எடுத்தபோது நட்சத்திரம் வளைந்தது. வேகவில்லையோ என்று பதறினேன், ஆறியபின்தான் இறுகும். பிறகு கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பூசி, ஈரத்துணியால் துடைத்தேன். மேற்பரப்பு வெளுத்தது, பள்ளத்தில் மட்டும் கருமை தங்கியது. ஓலைச்சுவடியில் விளக்குக்கரி தடவும் முறையும் இதுவேதான்.

மண்ணில் பெயர் பொறிப்பது நமக்குப் புதிதன்று. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கையெழுத்து ஒன்றுபோல் இல்லாததால், குயவரல்லாது பானைக்கு உரியோரே எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஓடு அழியாது. பி.வி.சி. எத்தனை காலம் நிற்கும் என்று தோழி கேட்டாள். இளக்கி மெல்ல மெல்லக் கசியக்கூடியது. வெயில் படாமல் எடுத்துவைத்தால் பல கிறிஸ்துமஸ் காணும் என்றேன். அந்தப் பதில் எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே அதே பெயரைக் குயவர் மண்ணிலும் எழுதி, நிழலில் உலர்த்தி, சூளைக்கு அனுப்பினேன். அது சுருங்கித் திரும்பி வந்தது. ஒரு முனையும் உடைந்திருந்தது.

இரண்டையும் எறையூருக்குக் கொடுத்தனுப்பினோம். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. விரலால் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, முனை உடைந்ததையே சவுக்கில் கட்டச் சொன்னாராம். மற்றதைத் தம் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார் என்று தோழி வந்து சொன்னாள்.