சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்ய நினைக்கும் வேலை ஒன்று உண்டு. மொபைல் போனிலும் டேப்ளட்டிலும் நிரம்பிக் கிடக்கும் போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனில் கொஞ்சம் இடத்தை மிச்சப்படுத்துவது. கேபிளைச் செருகுகிறோம். போனில் சார்ஜ் ஏறும் அடையாளம் வருகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் எதுவும் தெரிவதில்லை. பக்கத்து யு.எஸ்.பி. போர்ட்டில் செருகினாலும் அதே கதைதான். உடனே "புதுக் கம்ப்யூட்டரில் கோளாறு" என்று சிலர் சொல்வார்கள்; "போன் போய்விட்டது" என்று சிலர் முடிவே கட்டிவிடுவார்கள்.

நான் சாப்ட்வேர் எஞ்சினியராக வேலை பார்ப்பதால், உறவினர் வீடுகளுக்குப் போனால் காபி வருவதற்குள் ஒரு போனும் கேபிளும் என் கைக்கு வந்துவிடும். நான் பார்த்தவரை, இந்தப் புகார்களில் பெரும்பாலானவை கேபிளிலோ, போன் திரையில் தட்டாமல் விட்ட ஒரு பட்டனிலோதான் முடிகின்றன. பணம் செலவழித்துச் சரி செய்ய வேண்டியவை மிகக் குறைவு. எனவே கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை வரிசையாகப் பார்ப்போம்.

இதற்கு ஒரே ஒரு விதிதான். எஞ்சினியரிங் கல்லூரி லேபில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேபிளையும் போர்ட்டையும் செட்டிங்ஸையும் ஒன்றாக மாற்றினால், கோளாறு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

சார்ஜ் ஏறினால் கேபிள் நல்லதா?

இல்லை. பலரும் ஏமாறுவது இங்கேதான். சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு ஒயர்கள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்திற்கு. வெள்ளையும் பச்சையும் டேட்டாவிற்கு. எமர்ஜென்சி லைட், டிரிம்மர், கொசு பேட் போன்றவற்றுடன் வரும் மலிவான கேபிள்கள் பலவற்றில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருக்கும். அவற்றால் சார்ஜ் செய்யலாம். ஒரு போட்டோவைக்கூட அனுப்ப முடியாது. நான்கு ஒயர்கள் உள்ள நல்ல கேபிளிலும், அடிக்கடி வளைத்து டேட்டா ஒயர் அறுந்துபோனால் இதே நிலைதான்.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 2014ஆம் ஆண்டு வெளியான டைப்-சி பிளக், எந்தப் பக்கம் செருகினாலும் பொருந்தும் என்பதால் நம் வேலையை எளிதாக்கியது. ஆனால் டைப்-சி என்பது பிளக்கின் வடிவம் மட்டுமே. உள்ளே என்ன வேகம், எத்தனை ஒயர் என்பதை அது சொல்லாது. 2023ல் வந்த ஐபோன் 15ல்கூட டைப்-சி போர்ட் இருந்தாலும், அதன் வேகம் 2000ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 வேகம்தான்; அதாவது விநாடிக்கு 480 மெகாபிட்.

ஒரு டேப்ளட்டின் கதை

என் சித்தியின் டேப்ளட்டில் இந்தச் சிக்கல் வந்தது. சித்தப்பா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் இருந்தபோது எடுத்த போட்டோக்கள், பேத்திக்குக் கதை சொல்லும் வீடியோ எல்லாம் அந்த டேப்ளட்டில் மட்டுமே இருந்தன. வேறு காப்பி கிடையாது. கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாமல் பக்கத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். "சாப்ட்வேர் பிரச்னைம்மா, ரீசெட் போட்டாத்தான் சரியாகும். உள்ளே இருக்கறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். சித்தி டேப்ளட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது அவர் பயன்படுத்தியது கொசு பேட்டுடன் வந்த கேபிள். என் போன் கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டரில் "டிங்" என்று சத்தம் வந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் காப்பி ஆகிவிட்டன. அன்று "சரி, போடுங்க" என்று சித்தி தலையாட்டியிருந்தால் அந்தக் குரல் திரும்பக் கிடைத்திருக்காது. எனவே, யார் சொன்னாலும் சரி, கேபிளை மாற்றிப் பார்க்காமல் ரீசெட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

சத்தம் வருகிறதா, கவனியுங்கள்

கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரை ஆன் செய்துகொண்டு கேபிளைச் செருகுங்கள். விண்டோஸ் ஒரு சிறிய சத்தம் எழுப்பினால், டேட்டா ஒயர்கள் வழியாகப் போனைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். கேபிள் பிழைத்தது, அடுத்துப் பார்க்க வேண்டியது போன் திரையை.

சத்தமே வரவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். முதலில், டேட்டா மாற்றும் என்று நிச்சயமாகத் தெரிந்த வேறு கேபிளைச் செருகுங்கள். போனுடன் பெட்டியில் வந்த கேபிள் இருந்தால் நல்லது. அடுத்து, கேபிளை மாற்றாமல் போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டு, மதர்போர்டில் நேரடியாக உள்ள பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். இடையில் யு.எஸ்.பி. ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். மூன்றாவதாக, அதே கேபிளில் வீட்டில் உள்ள வேறு போனை இணைத்துப் பாருங்கள். அந்தப் போன் தெரிந்தால், கேபிளும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன. சந்தேகம் உங்கள் போன் மீது மட்டும்தான்.

போன் திரையில் தட்ட வேண்டியது

ஆண்ட்ராய்டு போன்களைக் கம்ப்யூட்டரில் செருகினால், வழக்கமாகச் சார்ஜ் மட்டுமே ஏறும்படிதான் அமைத்திருப்பார்கள். உங்கள் பைல்களை அனுமதி இல்லாமல் யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. முதலில் போனின் லாக்கைத் திறங்கள். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யு.எஸ்.பி. பற்றிய அறிவிப்பு ஒன்று தெரியும். அதைத் தட்டி "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கம்ப்யூட்டரில் "திஸ் பிசி" உள்ளே உங்கள் போனின் பெயர் வந்திருக்கும்.

கேமராவில் எடுத்த படங்கள் "டி.சி.ஐ.எம்." என்ற போல்டரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவற்றை அங்கே தேடி ஏமாற வேண்டாம். ஆண்ட்ராய்டு 11க்குப் பிந்தைய போன்களில் அவை பெரும்பாலும் "ஆண்ட்ராய்டு" என்ற போல்டருக்குள் உள்ள "மீடியா" என்ற போல்டரில் இருக்கும்.

ஐபோன், ஐபேட் என்றால் லாக்கைத் திறந்தவுடன் "டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்?" என்று கேட்கும். "டிரஸ்ட்" என்பதைத் தட்டி பாஸ்கோடு கொடுங்கள். அவசரத்தில் "டோன்ட் டிரஸ்ட்" தட்டிவிட்டால் கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள், மறுபடியும் கேட்கும். காப்பி செய்யும்போது பாதியில் எரர் வந்தால், ஐபோனின் போட்டோஸ் செட்டிங்ஸில் "டிரான்ஸ்பர் டு மேக் ஆர் பிசி" என்ற இடத்தில் "கீப் ஒரிஜினல்ஸ்" என்று மாற்றிப் பாருங்கள்.

போர்ட்டுக்குள் பஞ்சு

பிளக் முழுவதும் உள்ளே போகவில்லையா? லேசாகத் தொட்டாலே இணைப்பு விட்டு விட்டு வருகிறதா? சட்டைப் பையிலும் கைப்பையிலும் போனை வைப்பதால் நூலும் தூசியும் போர்ட்டுக்குள் சேர்ந்து, ஒவ்வொரு முறை செருகும்போதும் அழுந்தி அடை போல ஆகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.

போனை ஆப் செய்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் ஓரமாக மெதுவாக வெளியே எடுங்கள். டைப்-சி போர்ட்டின் நடுவில் மெல்லிய பட்டை போன்ற பகுதி இருக்கும். அதில் அழுத்தம் கொடுக்கக் கூடாது. ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம். வாயால் ஊதுவதும் சரியல்ல. எச்சில் ஈரம் உள்ளே போகும்.

போனில் ஈரம் இருப்பதாக எச்சரிக்கை வந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள். முழுவதும் காய ஒரு நாள்கூட ஆகலாம். அரிசிப் பானைக்குள் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்பதால், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே கூறியிருக்கிறது.

விண்டோஸ் பக்கம்

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால், போனையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து "டிவைஸ் மேனேஜர்" திறங்கள். போனைச் செருகும்போது மஞ்சள் அடையாளத்துடன் ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்த வரியில் மட்டும் ரைட் கிளிக் செய்து "அன்இன்ஸ்டால் டிவைஸ்" கொடுங்கள். கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் செருகினால் விண்டோஸ் டிரைவரைப் புதிதாக அமைத்துக்கொள்ளும். இதனால் போனில் உள்ள எதுவும் அழியாது.

டேப்ளட் மெதுவாக சார்ஜ் ஆகிறதே?

கம்ப்யூட்டரில் செருகிய டேப்ளட் இரவு முழுவதும் சார்ஜ் ஏறியும் நிறையவில்லை என்பார்கள். இது கோளாறு அல்ல, கணக்கு. சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும், அதாவது 2.5 வாட். 7000 எம்.ஏ.எச். பேட்டரியில் சுமார் 27 வாட்-அவர் மின்சாரம் பிடிக்கும். வகுத்துப் பாருங்கள், பத்து மணி நேரத்துக்கும் மேல் வரும். போட்டோ மாற்ற மட்டும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள். சார்ஜ் செய்ய அதற்குரிய சார்ஜரே சரி.

எப்போது கடைக்குப் போவது?

நல்ல கேபிள், வேறு கம்ப்யூட்டர், சுத்தமான போர்ட் ஆகிய மூன்றையும் சோதித்தும் பயனில்லை என்றால், போனின் போர்ட் பழுதாகியிருக்கலாம். போன் மிகவும் சூடானாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். உடனே சார்ஜை நிறுத்திக் கடைக்குக் கொண்டு போங்கள்.

மற்றபடி, போனில் உயிர் இருக்கும்போதே பைல்களைக் கேபிள் இல்லாமல் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் "குயிக் ஷேர்" புரோகிராமைக் கம்ப்யூட்டரில் நிறுவி, வை-பை மூலம் அனுப்பலாம். எந்த வழியில் எடுத்தாலும் "கட்" செய்யாமல் "காப்பி" மட்டும் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் சில படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பார்த்த பிறகே போனில் இருப்பதை அழிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வீட்டில் உள்ள எல்லாக் கேபிள்களையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். டேட்டா மாற்றுகிறவற்றில் ஒரு துண்டு கலர் டேப் சுற்றுங்கள். டேப் இல்லாத கேபிளைத் தூக்கிப் போட வேண்டாம். ரயில் நிலையத்திலோ பஸ்சிலோ தெரியாத யு.எஸ்.பி. போர்ட்டில் சார்ஜ் போடும்போது அதுதான் பாதுகாப்பு. அதன் வழியாக மின்சாரம் மட்டும்தானே போகும்!