வரி கம்மி... வழி தூரம்!

"மச்சி, எங்க ஊர்ப் பக்கம் வரியே கிடையாதுடா... டவுனுக்கு அரை மணி நேரம்தான். பேசாம நீயும் அங்கேயே ஒரு மனையைப் போட்டுடு!"

ஹாஸ்டல் மெஸ்ஸில் எவனாவது இப்படி பீலா விட்டால், உடனே தலையாட்டிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். நான் ஆட்டினேன். ஆட்டியதோடு நிற்காமல், அதை அப்படியே வீட்டில் போய் ஒப்பித்து, மூணு மாசம் எங்க அப்பாவைத் தூங்கவிடாமல் செய்த பெருமையும் எனக்கு உண்டு!

சொந்தக் கதைதான். ஆனா, நாளைக்கே ஆஃபர் லெட்டரும் கையுமா நிக்கப்போற உங்களுக்கும் உபயோகப்படும். கேளுங்க.

சூளைக்காரர் வீட்டுக் கணக்கு

எங்க ஊர் விருத்தாசலம். ரயில்ல போறவங்களுக்கு இது ஒரு ஜங்ஷன். பக்திமான்களுக்கு மணிமுத்தாற்றங்கரை விருத்தகிரீஸ்வரர் கோயில். எங்களுக்கோ பீங்கான்! ஃப்யூஸ் கட்டையில ஆரம்பிச்சு கொலு பொம்மை வரைக்கும் இங்கே சூளையில் வெந்து வெளியே போகும். அப்படி ஒரு சின்ன யூனிட்டில் சூளை பார்க்கிறவர் எங்க அப்பா. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிடுவார். ஆனா, பத்திரம், பட்டா, வரின்னா மட்டும் "நீ இன்ஜினீயரிங் படிக்கிறவன்தானே... நீயே பார்த்துச் சொல்லுப்பா"ன்னுடுவார்.

பதினாலு வருஷமா வாடகை வீடு. இப்போ கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கு, மீதிக்கு பேங்க் லோன். இரண்டு மனைகள் பார்த்தோம். ஒண்ணு, நகராட்சி எல்லைக்குள்ள... ரெண்டே சென்ட். இன்னொண்ணு, உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராம ஊராட்சியில்... அதே விலைக்கு நாலு சென்ட்!

"ஊராட்சில வீட்டு வரியெல்லாம் சும்மா பேருக்குத்தான் தம்பி. நகராட்சிக்குள்ள போனீங்கன்னா ஆறு மாசத்துக்கு ஒருதடவை கட்டிக்கிட்டே இருக்கணும்" என்றார் புரோக்கர். மெஸ் நண்பன் சொன்னதும் இதேதான். சந்தோஷமா எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன்.

எவ்வளவுதான் வித்தியாசம்?

புரோக்கர் சொன்னதில் பொய் இல்லை. நகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் டு செப்டம்பர் ஒண்ணு, அக்டோபர் டு மார்ச் ஒண்ணு. கட்டடத்தின் பரப்பு, தெரு, வீடா கடையா, எவ்வளவு பழசு... எல்லாத்தையும் பார்த்து வரி போடுவாங்க. வீடு கட்டாமல் சும்மா போட்டு வைத்தாலும் காலிமனை வரி உண்டு. வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி தனி.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியைத் திருத்தியது ஞாபகம் இருக்கா? நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேலே 100 சதவீதம் உயர்வு. அதுக்கப்புறம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுற ஏற்பாடும் வந்தது. இதைப் படிச்சதும் எங்க அப்பா ஊராட்சி மனைப் பக்கம் ரெண்டடி நகர்ந்துட்டார்!

ஆனா, நாங்க கட்ட நினைக்கிற மாதிரி சின்ன வீட்டுக்காரங்க ரெண்டு பக்கமும் வெச்சிருந்த ரசீதுகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். வித்தியாசம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்குள்ளதான் வந்தது. மாசத்துக்கு இருநூத்திச் சொச்சம்!

இப்போ வண்டிக்கு வருவோம். தொழிற்பேட்டைக்கு அப்பா தினமும் போகவர 18 கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள்னா 5,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டின்னா 108 லிட்டர். ரவுண்டா லிட்டர் 100 ரூபாய்னு போட்டாலே 10,800 ரூபாய். இதில் டயர், சர்வீஸ், முதுகுவலித் தைலம் எதுவும் சேர்த்தி இல்லை. 2,500 ரூபாயை மிச்சம் பிடிக்க 10,800 ரூபாய் செலவு. என்னா மூளை!

தூங்குற இடமா... வேலை பார்க்கிற இடமா?

இங்கேதான் நீங்க கொஞ்சம் கவனிக்கணும். எல்லா வரியும் வீட்டு வாசலைப் பார்த்துப் போடப்படுறது இல்லை. சில வரி நீங்க தூங்குற இடத்தைத் தேடி வரும். சில வரி நீங்க வேலை பார்க்கிற இடத்தைத் தேடி வரும். சிலது, எங்கே போனாலும் கூடவே வரும்.

சொத்து வரி, வீட்டு வரி... முதல் ரகம். வாடகைக்கு இருக்கிற நமக்கு நோட்டீஸ் வராது. ஹவுஸ் ஓனருக்குப் போகும். சுத்தி வளைச்சு வாடகையில் நம்ம தலைக்கு வரும். தொழில் வரி இரண்டாம் ரகம். சம்பளப் பட்டியலில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பாங்க. வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேலே போகக் கூடாதுன்னு அரசியல் சட்டமே உச்சவரம்பு வெச்சிருக்கு. இது உங்க ஆபீஸ் எந்த உள்ளாட்சி எல்லையில் இருக்கோ அங்கே போகும். நீங்க கிராமத்தில் படுத்தா என்ன, மொட்டை மாடியில் படுத்தா என்ன... ஒரு பைசா குறையாது! வருமான வரி மூணாம் ரகம். சென்னையில் இருந்தாலும் சிதம்பரத்தில் இருந்தாலும் ஒரே ஸ்லாப்தான்.

பத்திரப் பதிவும் அப்படியே. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023-ல் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நகரமோ கிராமமோ விகிதம் ஒண்ணுதான். வழிகாட்டி மதிப்புதான் மாறும். ஒரு நல்ல சேதி... 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிஞ்சா கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடின்னு 2025 ஏப்ரலில் வந்தது. அதைச் சொன்னதும் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம்!

இந்தத் தலைவலி நமக்கு மட்டும்தானான்னா, இல்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர்னு ஒரு மாநிலம். சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. சூப்பர்னு அங்கே குடியேறி, பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் இருக்கும் பாஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போறவங்க ஏராளம். ஆனா, வேலை பார்த்த இடம் எங்களுதுன்னு மாசசூசெட்ஸ் வரியைப் பிடிச்சுக்கும். கொரோனா காலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவங்களுக்கும் பிடிச்சாங்க. நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2021 ஜூனில், வழக்கை விசாரணைக்கே எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க. இதில் இன்னொரு விஷயம்... சம்பள வரி இல்லாத அந்த மாநிலத்தில் சொத்து வரி அமெரிக்காவிலேயே அதிகமான இடங்களில் ஒண்ணு. ஒரு பையில் விட்டதை இன்னொரு பையில் எடுத்துடுறாங்க!

சுவிட்சர்லாந்தில் கதை வேற. அங்கே குடியிருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் வருமான வரி. ஸூரிக் நகரத்துக்கு அரை மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற ட்ஸூக் மாகாணத்தில் வரி ரொம்பக் கம்மி. விளைவு? பணக்காரங்க எல்லாரும் அங்கே படையெடுத்து, வாடகை விண்ணைத் தொட்டுடுச்சு. வரி மிச்சம் வாடகைக்குச் சரியாப் போச்சு!

பக்கத்திலேயே பாண்டி இருக்கே?

எங்க கடலூர் மாவட்டத்துப் பசங்க கேட்கிற கேள்வி இது. கடலூரைத் தாண்டி கன்னியக்கோவில் வந்தா பாண்டிச்சேரி. யூனியன் பிரதேசம் என்பதால் பெட்ரோலுக்கு வரி குறைவு, வண்டிக்கும் வரி குறைவு. அதுக்காக அட்ரஸை மட்டும் அங்கே மாத்திக்கிட்டா? 2017-ல் கேரளாவில் சில சினிமா நட்சத்திரங்கள் தங்களோட சொகுசு கார்களைப் பாண்டிச்சேரி முகவரியில் பதிவு செஞ்சதா வழக்கு கிளம்பி, ஊரே பேசினது. ஒரு மாநிலத்தில் பதிஞ்ச வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா, மறுபதிவு செய்யணும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். நிஜமாவே அங்கே குடியிருந்தா தப்பே இல்லை. பேப்பரில் மட்டும் குடியிருந்தாத்தான் வம்பு.

எல்லைக் கோடு நகரும்!

"இன்னிக்கு ஊராட்சி, என்னிக்கும் ஊராட்சியா?" இது எங்க பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தாத்தா கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி!

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 42 உள்ளாட்சிகள் உள்ளே போச்சு. அதில் 25 கிராம ஊராட்சிகள். வரி கம்மின்னு அங்கே மனை வாங்கினவங்க ஒருநாள் காலையில் மாநகராட்சிவாசிகள் ஆனாங்க. 2021-ல் எங்க மாவட்டத் தலைநகர் கடலூரே மாநகராட்சி ஆச்சு. 2025 ஜனவரியில் 16 மாநகராட்சிகள், 41 நகராட்சிகளை விரிவாக்கும் அறிவிப்பு வந்தப்போ, பல ஊராட்சிகளில் எதிர்ப்பு. வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் கையை விட்டுப் போயிடும் என்பது அவங்க பயம். அதில் நியாயம் இருக்கு. நம்மை மாதிரி மனை வாங்க வர்றவங்களுக்கு இதில் ஒரு பாடமும் இருக்கு... இன்னிக்கு இருக்கிற வரியை மட்டும் பார்த்து முப்பது வருஷத்துக்கு வீடு கட்டக் கூடாது!

அம்மா கேட்ட ஒரே கேள்வி

பெட்ரோல் கணக்கு, அமெரிக்கா கணக்கு எல்லாத்தையும் கலர் கலரா சார்ட் போட்டுக் காட்டினேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "அக்கா வேலை முடிஞ்சு ராத்திரி எத்தனை மணிக்கு பஸ்ஸைவிட்டு இறங்குவா?" என்றார்.

அக்கா நெய்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் நெய்வேலி; இந்தப் பக்கம் நாங்க பார்த்த ஊராட்சி மனை. செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு விருத்தாசலம் வந்து, இன்னொரு டவுன் பஸ் பிடிக்கணும். 2021-ல் வந்த இலவசப் பயணத்தால் டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் செலவு இல்லைதான். ஆனா, பஸ் வரணுமே?

அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு அப்பாவும் நானும் வண்டியை எடுத்துக்கிட்டு அந்த மனைக்குப் போனோம். மெயின் ரோட்டிலிருந்து மனைக்கு முக்கால் கிலோமீட்டர் மண் ரோடு. மூணு கம்பம் இருந்தது. ஒண்ணில்தான் லைட். அப்பா வண்டியை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னார். சூளை வாயைப் பார்க்கிற மாதிரி அந்த இருட்டைப் பார்த்தார். "போலாம்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஊராட்சியைக் குறை சொல்லி என்ன பண்றது? வீட்டு வரியே பேருக்குத்தான்னா, லைட்டும் பேருக்குத்தானே எரியும்! வரின்னா ஏதோ நம்ம பாக்கெட்டிலிருந்து பிடுங்குற பணம்னுதான் நான் நினைச்சிருந்தேன். தெரு விளக்கு, குழாய்த் தண்ணி, குப்பை வண்டி, ரோடு... அதோட பில்தான் அது. பில்லைக் குறைச்சா சாப்பாடும் குறையும். வெளியே வேற கடையில் வாங்கித்தான் ஆகணும்.

மனை பார்க்கப் போறீங்களா... இதைப் பாருங்க!

* வாடகைக்கு வீடு தேடுறவங்களுக்கு: வரியை மறந்துடுங்க. வாடகை, அட்வான்ஸ், தண்ணி, போகவர ஆகும் பணம், நேரம்... இந்த அஞ்சையும் ஒரே பேப்பரில் எழுதிக் கூட்டுங்க.

* சொந்தமா வாங்குறவங்களுக்கு: பக்கத்து வீட்டு வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்க. புரோக்கர் வாயை நம்பாதீங்க. நகராட்சியில் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு.

* மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருக்கான்னு பாருங்க. "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற ஒரு வார்த்தையில் ஏமாந்தவங்க நிறைய.

* ஊராட்சின்னா ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் ஓரமா உட்காருங்க. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ல் எல்லாம் நடக்கும். வரவு செலவு, தண்ணிப் பிரச்னை எல்லாம் ஓசியில் தெரிஞ்சிடும்.

* மனையைப் பகலில் ஒரு தடவை பாருங்க. கண்டிப்பா ராத்திரி ஒரு தடவை பாருங்க!

சரி, கடைசியில் நாங்க என்ன பண்ணினோம்? ரெண்டு மனையும் வேண்டாம்னு விட்டுட்டு, கடலூர் ரோட்டில் நகராட்சி எல்லை முடியற இடத்துக்குப் பக்கத்தில் மூணு சென்ட் பேசி முடிச்சிருக்கோம். அதுவும் ஊராட்சிதான். ஆனா, நெய்வேலி பஸ் வாசலில் நிக்கும். ரோட்டில் லைட் எரியுது. நாளைக்கே நகராட்சியோட சேர்த்தாலும் சேர்த்துடுவாங்கன்னு நகராட்சி வரியைப் போட்டே கணக்குப் பார்த்தேன். அப்பவும் கட்டுப்படியாச்சு.

பத்திரம் அம்மா பேரில். அட்வான்ஸ் கொடுத்துட்டு வரும்போது அப்பா சொன்னார்... "வரி ஏறினா ஏறட்டும்ப்பா. புள்ள வெளிச்சத்துல நடந்து வரட்டும்."

என் எக்ஸெல் ஷீட்டில் அதுக்கு மட்டும் ஒரு கட்டம் போட மறந்துட்டேன். நீங்க மறந்துடாதீங்க!