எண்ணிட்ட பட்டியலும் புள்ளியிட்ட பட்டியலும்

தமிழ் நூலாசிரியர்க்குப் பட்டியல் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என்று தொகை கூறி, ஒவ்வொன்றையும் எண்ணி உரைக்கிறார். தொகை கூறப்பட்டிருப்பின், ஏடு பெயர்த்தெழுதுவோன் ஒன்றை விட்டுவிட்டாலும் படிப்போன் எண்ணிப் பார்த்துக் கண்டுகொள்வான். ஓலைச்சுவடிக் காலத்தில் எண்ணிக்கையே நூலுக்குக் காவல். இன்று கணினியில் ஆவணம் எழுதுவோர் அந்தக் காவல் தமக்கும் உண்டென்று எண்ணியிருக்கின்றனர். பல வேளைகளில் அஃது இருப்பதில்லை. காரணம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு சங்கத்தின் விதிநூலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் 8ஆம் விதி சந்தாவைப் பற்றியது. 9ஆம் விதி உறுப்பினரை நீக்கும் முறை. ‘விதி 9இன்படி நீக்கப்பட்டவர் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்’ என்பது 14ஆம் விதி. ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடி, 5ஆம் விதிக்குப் பின் புதிய விதி ஒன்றைச் சேர்க்கிறது. உடனே நீக்க விதி 10 ஆகிவிடுகிறது. சந்தா விதி 9 ஆகிறது. மேல்முறையீட்டு விதி 15 ஆகிறது. ஆயினும் அதன் உள்ளே கையால் தட்டப்பட்ட ‘9’ அப்படியே நிற்கிறது. நீக்கப்பட்ட உறுப்பினர்க்கு இப்போது மேல்முறையீட்டு உரிமை உண்டா? சொல்லின்படி பார்த்தால் இல்லை. கருத்தின்படி பார்த்தால் உண்டு. ஓர் எண் பிறழ்ந்தமையால் ஒருவர் உரிமை ஊசலாடுகிறது. வழக்குரைஞர்க்கு வேலை கிடைக்கும். சங்கத்துக்குப் பிளவு கிடைக்கும்.

இக்குழப்பத்தின் வேர் எங்கே? மைக்ரோசாப்ட் வேர்டில் ‘1.’ என்று தட்டி இடைவெளி விட்டால், கணினி தானே அதைப் பட்டியலாக்கிக்கொள்கிறது. சிலர்க்கு இது பிடிப்பதில்லை. மாற்றத்தை நீக்கிவிட்டுக் கையால் எண்ணிடுவர். ஆக, பாதி எண் கணினி இட்டது, மீதி எண் மனிதர் இட்டது என்று ஆகிறது. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கணினி இட்ட எண், எழுத்தாக அந்தப் பத்தியில் இருப்பதே இல்லை. ‘இப்பத்தி இன்ன பட்டியலைச் சேர்ந்தது, இத்தனையாம் படியில் உள்ளது’ என்ற குறிப்பு மட்டுமே பத்தியில் இருக்கிறது. எண்ணின் வடிவம், புள்ளியின் உரு, இடப்புற ஒதுக்கம் ஆகியவை கோப்பின் வேறொரு பகுதியில் தனியே எழுதப்பட்டுள்ளன.

இது தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். பழைய ஆவணம் ஒன்றிலிருந்து நான்கு வரிகளை எடுத்து ஒட்டுகிறோம். அவ்வரிகளோடு அவற்றின் பட்டியல் இலக்கணமும் கூடவே வந்து குடியேறுகிறது. நம் கண்ணுக்கு ஒரே பட்டியல், கணினிக்கு இரண்டு. ஆகவேதான் 6க்குப் பின் மீண்டும் 1 வருகிறது. ஓரமும் சற்று விலகுகிறது. அதைச் சரிசெய்ய ஒருவர் அளவுகோலை இழுப்பார். மற்றொருவர் இடைவெளிக் கட்டையைப் பத்துத் தடவை தட்டுவார். ஒட்டின்மேல் ஒட்டு! அடுத்த ஆண்டுச் செயலாளர் அக்கோப்பைத் திறந்து தலையில் கைவைத்துக் கொள்வார்.

இதற்குரிய மருந்து பழையது. 1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் பட்லர் லாம்ப்சனுடன் சேர்ந்து ‘பிராவோ’ என்னும் எழுதுபொறியை உருவாக்கிய சார்லஸ் சிமோனி, பின்னர் மைக்ரோசாப்டில் ரிச்சர்டு புரோடியுடன் சேர்ந்து 1983இல் வேர்டை வெளியிட்டார். அதன் பழைய பதிப்புகளிலேயே ‘ஸ்டைல்’ என்னும் பாணிமுறை உண்டு. ஒரு பத்தி எப்படித் தோன்றவேண்டும் என்று அவ்வப்போது சொல்லாமல், அப்பத்தி என்ன தொழில் செய்கிறது என்று பெயரிட்டுவிடுவதே பாணி. ‘விதி’ என்றொரு பாணி, ‘உட்பிரிவு’ என்றொரு பாணி. ‘மல்டிலெவல் லிஸ்ட்’ என்னும் இடத்தில் முதற்படியை முன்னதனோடும் இரண்டாம் படியைப் பின்னதனோடும் இணைத்து, ஓர ஒதுக்கங்களையும் அங்கேயே அமைத்துவிட வேண்டும். வேர்டு ஒன்பது படிகள் தருகிறது. மூன்றுக்குமேல் தேவைப்படும் விதியைத் திருத்தி எழுதுவதே நன்று. லிபர் ஆபிஸ் வழங்குவோர்க்குப் பட்டியற் பாணி, பத்திப் பாணியினின்று தனியாகவே உள்ளது. முன்னதைப் பின்னதனோடு பிணைத்தால் போதும்.

மேற்கோள் எண்ணையும் கையால் தட்டலாகாது. ‘கிராஸ் ரெபரன்ஸ்’ வழியாக அந்த விதியையே சுட்டவேண்டும். அச்சிடுமுன் ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்து எப்9 விசையை அழுத்தினால், நம் சங்கத்தின் ‘விதி 9’ தானே ‘விதி 10’ ஆகும். அழுத்த மறந்தால் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, எண் எங்கே, புள்ளி எங்கே? முறைமாறாது செய்யவேண்டியவற்றுக்கும் பின்னர்ச் சுட்டிப் பேசப்படுபவற்றுக்கும் எண் வேண்டும். இரண்டும் இல்லாதவிடத்துப் புள்ளி போதும். கூட்ட முடிவுகளுக்குப் புள்ளியிடுவோர் உளர். அடுத்த கூட்டத்தில் ‘மேலிருந்து நான்காவது புள்ளி’ என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதையும் அவர்களிடமே காணலாம். உட்பிரிவுக்கு அ, ஆ, இ, ஈ இடுவது நம் மொழிக்கு அழகு. ஆனால் உயிரெழுத்துப் பன்னிரண்டே என்பதால் உட்பிரிவும் பன்னிரண்டைத் தாண்டாதிருத்தல் நலம்.

கணினி திருத்த இயலாத ஒழுங்கு ஒன்றுண்டு. ஒரு வரி ‘கணக்கைச் சரிபார்த்தல்’ என்றும், அடுத்தது ‘சந்தாவை வசூலிக்கவும்’ என்றும், மூன்றாவது ‘அறிக்கை அனுப்ப வேண்டும்’ என்றும் முடிந்தால், புள்ளிகள் எவ்வளவு நேராக நின்றாலும் அது பட்டியல் ஆகாது. முடிபு ஒன்றாதல் வேண்டும்.

கண்பார்வை இல்லாதார் இந்நாளில் திரைபடிக்கும் பொறியின் துணையால் ஆவணங்களைக் கேட்டறிகின்றனர். முறையாக அமைந்த பட்டியல் இணையப் பக்கமாக மாறும்போது, ‘ஐந்து உருப்படிகள் கொண்ட பட்டியல்’ என்று அப்பொறி முன்னரே அறிவித்துவிடும். சிறுகோடு தட்டிக் கையால் அமைத்த பட்டியலோ அவர்தம் செவிக்குப் பட்டியலே அன்று, தொடர்பற்ற வரிகள்.

பழுதுபட்ட பழைய கோப்பு கையில் இருப்பின், முதலில் அதற்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்க. பின்னர் வேர்டில் பத்திகளைத் தெரிவுசெய்து கண்ட்ரோல் விசையோடு கியூ விசையை அழுத்தினால், பத்தியின்மேல் நேராகச் செய்த ஒப்பனைகள் நீங்கும். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் உரிய பாணியை இடுக. வேற்றுக் கோப்பிலிருந்து ஒட்டும்போது ‘எழுத்து மட்டும்’ என்பதைத் தெரிவுசெய்க. முன்னர்க் கையால் தட்டிய எண்களைக் கணினி அறியாது. அவற்றை ஒவ்வொன்றாக நாமே அழிக்க வேண்டும். இருபது பக்க விதிநூலுக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும்.