பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்

குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் என் தங்கை மகனுக்குக் காது குத்தியபோது அவன் உட்கார்ந்திருந்தது என் மடியில்தான். தாய்மாமன் முறை. மொட்டைத் தலையில் சந்தனம், இடுப்பில் புதுப் பட்டுத்துண்டு. இரண்டு வயது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆசாரி ஊசியை இறக்கியதும் ஊரே கேட்கும்படி அழுதான். வாழைப்பழத்தைக் கையில் கொடுத்ததும் அடங்கிவிட்டான். அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய பலூன் ஒன்று படாரென்று வெடித்தது. சுற்றி இருந்த பிள்ளைகள் திடுக்கிட்டார்கள், ஒன்று வீறிட்டது. இவன் தலையைக்கூடத் திருப்பாமல் பழத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

“பாரு, பயமே தெரியல. சிங்கக்குட்டி!” என்றார் அவன் அப்பத்தா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அதற்கு முன்பே தங்கைக்கு மனதில் உறுத்தல் இருந்தது. பிள்ளை ‘ம்மா’ என்பதைத் தாண்டி ஒன்றும் பேசவில்லை. அப்பத்தா எங்கள் சொந்த அத்தை. “இவங்கப்பன் நாலு வயசுலதான் வாயத் திறந்தான். ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்” என்று சொல்லிவிட்டார். ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியபோது, மூன்று வயது வரை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நாங்கள் ஏழு மாதத்தைத் தொலைத்தோம். இன்னொரு வீட்டில் அந்த ஏழு மாதம் தொலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு வயதில் பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கலாம்? ஏறக்குறைய ஐம்பது சொற்கள். மழலையாக இருந்தாலும் கணக்குதான். ‘தண்ணி’யைத் ‘தண்ணா’ என்பதும் ஒரு சொல். இரண்டு சொற்களைச் சேர்த்து, ‘அப்பா வா’, ‘பால் வேணாம்’ என்று சொல்ல வேண்டும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். மூக்கு எங்கே, கண் எங்கே என்றால் தொட்டுக் காட்ட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம்தான். சில வாரம் முன்பின் ஆகலாம். ஆனால் இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை என்றால் பரிசோதிக்கக் கேட்பதுதான் முறை, காத்திருப்பது முறையல்ல. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் எந்த வயதானாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பேச்சு தாமதம் என்றாலே இன்று ஆட்டிசமா, செல்போனா என்றுதான் முதலில் யோசிக்கிறோம். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குப் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. ஆனால் எந்தக் காரணத்தைத் தேடினாலும் முதல் சோதனை காதுக்குத்தான். காதில் விழாத சொல் வாயில் வராது.

வீட்டில் நாம் செய்யும் சோதனைகள் நம்மை ஏமாற்றிவிடும். காதோரம் கை தட்டினால் காற்று படும், பிள்ளை திரும்பும். தட்டைத் தரையில் போட்டால் அதிர்வு காலில் தெரியும். கதவைச் சாத்தினால் வெளிச்சம் மாறும். எங்கள் பிள்ளை “செருப்ப எடுத்துட்டு வா” என்றால் ஓடிப்போய் எடுத்து வருவான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று நம்பினோம். பிறகுதான் புரிந்தது: சொல்லும்போதே நாங்கள் எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டே, மோவாயை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறோம். அவன் எங்கள் கண்ணைப் படித்திருக்கிறான்.

இதை முதலில் பிடித்தவர் அங்கன்வாடி ஊழியர். எடை பார்க்கக் கூட்டிப்போன அன்று, அவன் பொம்மையில் மூழ்கியிருந்தபோது ஐந்தடி பின்னால் நின்று சாதாரணக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை. பிறகு தங்கையைப் பார்த்து, “அக்கா, இவன காதுக்குக் காட்டிருங்க” என்று மட்டும் சொன்னார். அவர் கையில் கருவி எதுவும் இல்லை. நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம். ஆனால் பிள்ளை திரும்பிவிட்டால் கவலை விட்டது என்று நினைக்காதீர்கள். சில ஒலி மட்டும் கேட்டு, சில ஒலி கேட்காத காதும் உண்டு. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் சோதித்துச் சரி என்று எழுதியிருந்தாலும் கேட்கும் திறன் பின்னால் குறையலாம். முடிவைக் கருவிதான் சொல்ல வேண்டும்.

கருவி என்றதும் பயப்பட வேண்டாம். ஓ.ஏ.இ. சோதனையில் காதில் சின்னக் குமிழை வைப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த நீரே கேட்பதைக் குறைத்துவிடும். அது சிகிச்சையில் சரியாகக்கூடியது. பெரா சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். “முந்தின ராத்திரி லேட்டா தூங்க வைங்க, விடியக்காலைல எழுப்பிருங்க” என்றார்கள். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில், சொக்கிச் சொக்கி விழுந்த பிள்ளையைத் தூங்கவிடாமல் ஜன்னல் வழியாக ஆடு, மாடு காட்டிக்கொண்டே போனோம். சோதனை அறையில் தங்கை தோளில் சாய்ந்த மறுநிமிடம் தூங்கிவிட்டான். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டியபோதுகூட அசையவில்லை. இரண்டு காதிலும் குறை என்று வந்தது.

“சொந்தத்துல கல்யாணமா?” என்று கேட்டார் ஆடியாலஜிஸ்ட். தங்கை அழுதுவிட்டாள். அது பழி சொல்லும் கேள்வி அல்ல. நெருங்கிய உறவில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிச் செவித்திறன் குறைவு சற்றுக் கூடுதலாக வரும் என்பதால் கேட்கிறார்கள். குறைமாதப் பிரசவம், பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றையும் அதே போலக் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்தச் சோதனை யாரும் போடும் பிச்சை அல்ல என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, குறைபாடு வரும் வாய்ப்புள்ளவர்களைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும் என்கிறது. இது அதன் 25ஆம் பிரிவில் இருக்கிறது. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தை நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய 30 நிலைகளில் பிறவிச் செவித்திறன் குறைவும் பேச்சுத் தாமதமும் அடக்கம். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு (டி.இ.ஐ.சி.) அனுப்புவார்கள். ‘டி.இ.ஐ.சி. எங்கே இருக்கு’ என்று கேட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்வார்கள். அங்கே குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், சேவை இலவசம். உங்கள் பிள்ளை அங்கன்வாடிக்குப் போகாவிட்டாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம்.

செவித்துணைக் கருவியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இலவசமாகப் பெறலாம். கருவி போட்டும் போதவில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இங்கேதான் வயது முக்கியமாகிறது. ஆறு வயது என்பது விண்ணப்பத்துக்கான எல்லை; மூளையின் எல்லை அதைவிடக் குறுகியது. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் செவி மருத்துவர்களின் கணக்கு. இரண்டு வயதிலேயே நாம் பிந்திவிட்டோம். அதனால் அறுவையைவிடப் பெரிய வேலை அதற்குப் பின் வரும் பேச்சுப் பயிற்சிதான். அதை விட்டுவிட்டால் கருவி வெறும் இரைச்சலாகவே பிள்ளைக்குக் கேட்கும்.

காத்திருக்கும் நாட்களில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார்கள். அது வயிற்றில் போனால் வாந்தி வரலாம், பேச்சு வராது. காதில் சூடான எண்ணெய் விடச் சொல்வார்கள். சவ்வு கிழிந்திருந்தால் அது காதையே கெடுக்கும். நாக்கு ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் பேசும் என்பார்கள். ஒட்டிய நாக்கு சில எழுத்துகளின் உச்சரிப்பைத் தடுக்கலாமே தவிர, பேச்சே வராமல் செய்வது இல்லை.

இதைவிடச் செலவு வைப்பவை மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் ‘தெரபி சென்டர்’கள். பேச்சுப் பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டி ஏமாந்திருந்தால் ரசீதோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

அரசு அலுவலகத்தில் அலைக்கழித்தால் வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். மனுவாக எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் சொல்லலாம். அங்கும் நகராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதும் வழி சட்டத்திலேயே இருக்கிறது.

செவித்துணைக் கருவி வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குப் புதிய பயம் ஒன்று வந்தது. அதன் பேட்டரி பொத்தான் அளவுதான். இரண்டு வயதுப் பிள்ளை எதையும் வாயில் போடும். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்தை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் 108க்குச் சொல்லி, எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிள்ளை திறக்க முடியாத பேட்டரி மூடியைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியையும் குப்பைக்கூடையில் போடாதீர்கள்.

தங்கை வீட்டில் கருவியின் டப்பா சாமி படத்துக்கு மேல் பலகையில் இருக்கிறது. ஈரம் படாமலிருக்க உள்ளே சிலிக்கா பாக்கெட். காலையில் முகம் கழுவியதும் மருமகன் அந்தப் பலகைக்குக் கீழே போய் நின்று, விரலை நீட்டி, பிறகு அதே விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டுகிறான். அப்பத்தாதான் எடுத்து மாட்டிவிடுகிறார். மாட்டி முடித்ததும் முதுகுப் பக்கம் போய் நின்று அவன் பேரை மெல்லச் சொல்கிறார்.