பாங்கின் இணையதளமும் கைபேசிச் செயலியும்

புனேயில் தலைமையகம் கொண்ட பாங்க் ஆஃப் மகாராஷ்டிரா 1935-இல் நிறுவப்பெற்றது. இன்று அதன் வாடிக்கையாளர்கள் இணையதளம் வழியாகவும் கைபேசிச் செயலி வழியாகவும் பணம் அனுப்பலாம். இவ்விரண்டில் எது சௌகரியமானது?

இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருப்பின் அதைத் தொட அதிக நேரமாகும் என 1954-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் பிட்ஸ் நிறுவினார். கைபேசித் திரையில் இலக்குகள் அருகிலுள்ளன, ஆனால் சிறியவை. பெறுபவர் பட்டியலில் விரல் ஒரு வரி தவறினும் பணம் அயலாரைச் சேரக்கூடும்.

கணினியின் அகன்ற திரையில் கணக்கு விவரங்களை ஒப்புநோக்குவது எளிது; எனினும் முகவரியில் ஓரெழுத்துப் பிழைத்தால் போலித் தளத்தை அடையும் அபாயம் உண்டு. இத்தகைய மோசடியைக் குறைக்கவே, பாங்குகள் '.பாங்க்.இன்' என முடியும் முகவரிக்கு மாறுமாறு ரிசர்வ் பாங்கு 2025-இல் பணித்தது.

ஆகவே அவசரச் சிறுதொகைக்குச் செயலியும், நீண்ட கணக்காய்வுக்கு இணையதளமும் ஏற்றவை. எதிலாயினும், ஒப்புதல் அளிக்குமுன் பெயரையும் தொகையையும் மறுமுறை படித்தல் நன்று.